அண்ணாமலையும் ஒலிம்பசும்: கடவுள், தேவி, வீரர் என்னும் முப்பகுப்பு

முன்னுரை

கிரேக்கத் தொல்கதைகளை இந்நாட்டுத் தெய்வக் கதைகளோடு ஒப்பிட்டு நோக்கும் முயற்சி இன்று நேற்றுத் தோன்றியதன்று. சந்திரகுப்த மௌரியனின் அவைக்குத் தூதராக வந்த மெகஸ்தனிஸ், ஈண்டுள்ளோர் வழிபட்ட தெய்வங்களுக்குத் தம் நாட்டுப் பெயர்களையே இட்டு வழங்கினார். மலைநாட்டார் தெய்வத்தை டையோனிசஸ் என்றார். சமவெளியார் தெய்வத்தை ஹெராக்ளிஸ் என்றார். ஹெராக்ளிஸ் தன் மகள் பண்டேயாவுக்குத் தென்கடல்வரை பரந்த நிலத்தை அளித்தான் என்னும் செய்தியும் அவர் வழிவந்ததாகவே கருதப்படுகின்றது. அந்நிலம் பாண்டிய நாடே எனக் கொள்வர் அறிஞர் பலர்.

மெகஸ்தனிஸ் கையாண்ட முறை பெயருக்குப் பெயர் நிறுத்தும் முறையாகும். இடியேறு ஏந்துதலின் ஸீயஸ் இந்திரனே எனவும், படைக்கலம் தாங்கிய கன்னியாதலின் அதீனா கொற்றவையே எனவும் கூறும் பிற்கால ஒப்பீடுகளும் அம்முறையைச் சார்ந்தனவே. இவ்வொற்றுமைகள் சுவை பயப்பனவே எனினும், இவற்றால் இரு மக்களின் சமய உணர்வு பற்றி யாம் அறியக்கூடுவது மிகச் சிறிதேயாகும். ஒரு தெய்வம் கையில் ஏந்திய படைக்கலத்தைக் காட்டிலும், அது மாந்தரோடு, அதிலும் சாகும் மாந்தரோடு, எவ்வாறு உறவு கொள்கின்றது என்பதே ஆராயத் தக்கது.

இந்நோக்குக்குத் திருவண்ணாமலையும் அதனைச் சூழ்ந்த நாடும் பெரிதும் துணை செய்வன. முழுமுதற் கடவுள், தவமியற்றிய தேவி, போரில் பட்ட வீரர் என்னும் மூவகையினரும் இவ்வொரு நிலப்பகுதியில் அடுத்தடுத்து நின்று இன்றும் வழிபாடு பெறுகின்றனர். கிரேக்கர் வகுத்த முப்பகுப்பை இங்கு வைத்துப் பார்க்குமிடத்து, எவ்வளவு பொருந்துகின்றது, எவ்விடத்தில் பொருந்தாது நிற்கின்றது என்பதைக் காட்டுதலே இக்கட்டுரையின் நோக்கம். ஒருவரிடமிருந்து மற்றவர் கடன் கொண்டனர் என்று நிறுவுதல் எம் கருத்தன்று.

கிரேக்கர் வகுத்த எல்லை

ஏறத்தாழக் கி.மு. 700ஆம் ஆண்டளவில் வாழ்ந்த ஹீசியட் இயற்றிய தெய்வப் பிறப்பு என்னும் நூல் கிரேக்கத் தெய்வங்களின் வழிமுறையை விரித்துரைப்பது. அதன்படி கிரேக்கக் கடவுளர் அனைவரும் பிறந்தவர்களே. வானமாகிய யூரனசை அவன் மகன் குரோனஸ் வென்றான். குரோனசை அவன் மகன் ஸீயஸ் வென்று ஒலிம்பசின் தலைமை பெற்றான். எனவே, பிறவாமை அவர்களது இலக்கணமன்று, இறவாமையே இலக்கணம். ஸீயஸின் கல்லறை தம் தீவில் உள்ளது என்று கிரீட் மக்கள் கூறியபோது, அவர்களைப் பொய்யர் எனக் கவிஞர் கல்லிமாக்கஸ் இடித்துரைத்ததும் இதனாலேயே ஆகும்.

தேவியருக்கும் இவ்விலக்கணமே பொருந்தும். ஆயின், பெண்மையின் கூறுகள் அவர்களிடையே பங்கிடப்பட்டுள்ளன. ஹீரா மனைவியின் உரிமை காப்பவள். டிமீட்டர் மகளைப் பிரிந்து வருந்தும் தாய். அதீனா மணமறியாப் போர்த்தெய்வம். ஆர்ட்டெமிஸ் வேட்டைக் கன்னி. அப்ரோடைட்டி காமத்தின் தலைவி. ஒருத்தி மற்றொருத்தியின் எல்லையுள் புகுதல் பெரும்பாலும் பகைக்கே வித்தாகும்.

மூன்றாமவர் வீரர். இவரைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லை வீரன் என மொழிபெயர்ப்பது பெருவழக்கு. அச்சொல் போர்த்திறன் உடையவனை மட்டும் குறிப்பதன்று. இறந்தபின் கல்லறையில் படையல் பெறுபவனைக் குறிப்பது என்பது கருதத்தக்கது. இவர்களைப் பாதித் தேவர் என அழைத்து, மாந்தரின் ஐந்து தலைமுறைகளுள் நான்காவதாக வைப்பார் ஹீசியட். ஒலிம்பசின் தெய்வங்கள் கிரேக்க நாடு முழுதுக்கும் பொதுவாக, வீரர் தம் கல்லறை அமைந்த ஊருக்கே உரியராயினர். ஆதலின் அவர்தம் எலும்புகளும் மதிப்புப் பெற்றன. தீசியசுடையவை எனக் கருதப்பட்ட எலும்புகளைக் கைமோன் ஸ்கைரோஸ் தீவிலிருந்து ஏறத்தாழக் கி.மு. 475இல் ஏதென்சுக்குக் கொணர்ந்தான்.

வீரவழிபாடு தொல்கதை மாந்தர்க்கு மட்டும் உரியதன்று. கி.மு. 422இல் ஆம்பிப்போலிஸ் நகரின் முன் போரில் பட்ட ஸ்பார்ட்டத் தளபதி பிராசிடாஸை அந்நகரத்தார் ஊரினுள் அடக்கம் செய்து, கல்லறையைச் சுற்றி வேலியிட்டு, ஆண்டுதோறும் பலியும் விளையாட்டுப் போட்டியும் நிகழ்த்தினர் என்று துசிடிடிஸ் எழுதுகின்றார். கடவுளர்க்கு உயர்ந்த பலிபீடம், வீரர்க்குக் குருதி வார்க்கும் குழி என்று முன்னைய ஆராய்ச்சியாளர் இருவகை வழிபாட்டையும் முற்றப் பிரித்தனர். வீரர்க்கு இட்ட பலியும் பெரும்பாலும் ஊரார் கூடியுண்ணும் விருந்தாகவே முடிந்தது என்பதைப் பிற்கால ஆராய்ச்சி காட்டியுள்ளது. ஆகவே, சடங்கு முறையைவிடச் சாவே கடவுளுக்கும் வீரனுக்கும் இடைப்பட்ட உறுதியான எல்லையாகும். அவ்வெல்லையைக் கடந்தவனாகக் கூறப்படும் ஹெராக்ளிஸை இறவாத ஒலிம்பியனாக ஓரிடத்தும், இறந்த வீரனாக மற்றோரிடத்தும் கிரேக்கர் தனித்தனியே வழிபட்டனர் என்பது ஹெரடோட்டஸ் தரும் செய்தி.

அடிமுடி காணா மலை

இனித் திருவண்ணாமலையை நோக்குவோம். தம்முள் யார் பெரியர் எனப் பிரமனும் திருமாலும் மாறுபட்டபோது, சிவபெருமான் தீப்பிழம்பாய் நின்றான் என்பதும், பன்றியாய் நிலத்தை அகழ்ந்த திருமால் அடி காணாது மீண்டான் என்பதும், அன்னமாய் வானிற் பறந்த பிரமன் முடி காணாது தாழம்பூவைப் பொய்ச்சான்று கூறச் செய்தான் என்பதும் தமிழர் நன்கறிந்த கதை. அத்தீப்பிழம்பே குளிர்ந்து 2,668 அடி உயர்ந்த இம்மலையாயிற்று என்பர். ஐம்பூதத் தலங்களுள் இது தீக்குரியது. ஞானசம்பந்தர் தம் பதிகங்கள் பெரும்பாலானவற்றில் ஒன்பதாம் பாட்டில் இந்நிகழ்ச்சியையே அமைத்துள்ளமை, ஏழாம் நூற்றாண்டிலேயே இஃது எத்துணை வேரூன்றியிருந்தது என்பதைப் புலப்படுத்தும்.

தெய்வங்கள் போட்டியிடும் கதை கிரேக்கரிடத்தும் உண்டு. ஏதென்சு நகருக்காக அதீனாவும் பொசைடனும் போட்டியிட்டனர். பொசைடன் உப்புநீர் ஊற்றைத் தந்தான். அதீனா ஒலிவ மரத்தைத் தந்து வென்றாள். அங்கு மாந்தர்க்குப் பயன்படும் கொடையால் வெற்றி அமைந்தது. அண்ணாமலையிலோ போட்டியிட்ட இருவருமே தோற்கின்றனர். தோன்றி நின்றவன் போட்டியில் கலந்துகொண்டவன் அல்லன், அளவைக்கு உட்படாதவன். ஸீயசுக்குத் தாயும் தந்தையும் பிறந்த இடமும் உள்ளன. இங்குள்ள கடவுளுக்கு முடிவு இல்லை என்பதோடு தொடக்கமும் இல்லை. பிறந்தும் இறவாதவர் ஒலிம்பியர். பிறவாமையும் இறவாமையும் ஒருங்குடையவன் அண்ணாமலையான். இதுவே முதல் வேறுபாடு.

இக்கடவுட்கொள்கை முற்றிய நிலையில் அமைவதற்கு முன்னரே இந்நிலத்தில் கடவுள் வழிபாடு இருந்தது. செங்கண்மா என்னும் செங்கத்தைத் தலைநகராகக் கொண்டு ஆண்ட நன்னன்மீது பெருங்கௌசிகனார் பாடிய மலைபடுகடாம், நவிரமலையில் உறையும் காரியுண்டிக் கடவுளைக் குறிப்பிடுகின்றது. நஞ்சுண்ட கடவுள் என்பது இதன் பொருள். நவிரமலை இக்காலத்துப் பருவதமலை என்பர். கார்த்திகை விளக்கும் பழமையுடையதே. அகநானூற்றின் 141ஆம் பாட்டு அவ்விழாவைக் கூறுகின்றது. ஆயினும் அப்பாட்டு இம்மலையைச் சுட்டவில்லையாதலின், மலையுச்சித் தீபத்திற்கு அதனை நேர்ச்சான்றாகக் கொள்ளுதல் சாலாது.

உண்ணாமுலையும் கொற்றவையும்

இத்தலத்துத் தேவியின் வரலாறு தவத்தை அடிப்படையாகக் கொண்டது. பிரிந்த தேவி காஞ்சியில் தவமியற்றிப் பின்னர் அண்ணாமலையை அடைந்து, பவழக்குன்றில் கௌதம முனிவரின் வழிகாட்டலில் நோன்பிருந்தாள் என்றும், கார்த்திகைத் திருநாளில் இறைவனின் இடப்பாகத்தைப் பெற்றாள் என்றும் தலபுராணம் கூறும். அத்தவத்திற்கு இடையூறாக வந்த மகிடாசுரனைத் துர்க்கை கொன்றாள் என்பதும், அவள் தன் வாளால் பாறையைப் பிளந்து உண்டாக்கியதே கட்க தீர்த்தம் என்பதும் அவ்வரலாற்றின் பகுதிகளாகும். துர்க்கைக்கு இவ்வூரில் தனிக்கோயிலும் உள்ளது.

கிரேக்கரிடத்து ஹீராவும் அதீனாவும் எனப் பிரிந்து நின்ற மனைவிமையும் போர்மையும் இங்கு ஒரே கதையின் இரு கைகளாக அமைகின்றன. வடிவால் இருவர், ஆற்றலால் ஒருத்தி. அதீனா தந்தையின் தலையிலிருந்து படைக்கலத்தோடு தோன்றியவள்; அவள் பெருமை பிறப்பால் வந்தது. உண்ணாமுலையின் பெருமையோ முயன்று பெற்றது. கார்த்திகைத் தீப நாளின் மாலையில் மாதொருபாகன் திருமேனி சில நிமிடங்களே வெளிவந்து காட்சி தர, அப்பொழுதே மலையுச்சியில் தீபம் ஏற்றப்பெறுகின்றது. தலபுராணம் கூறும் பேறு ஆண்டுதோறும் மக்கள் கண்முன் மீண்டும் நிகழ்வதாகும்.

போர்த்தெய்வத்திற்கும் பட்ட வீரனுக்கும் தமிழில் உள்ள தொடர்பும் ஈண்டு நினைத்தற்குரியது. தொல்காப்பியர் கொற்றவை நிலையையும் நடுகல் நிலையையும் வெட்சித்திணையின் பகுதியிலேயே வைத்தார். தேவியைப் பற்றிய ஆராய்ச்சி எம்மை வீரரிடம் கொண்டு செலுத்துவது இயற்கையே.

செங்கம் நடுகற்கள்

திருவண்ணாமலைக்கு மேற்கே ஏறத்தாழ 35 கிலோமீட்டர் தொலைவில் உள்ள செங்கமும் அதன் சுற்றுப்புறமும் நடுகற்கள் மலிந்த பகுதியாகும். வட்டெழுத்துப் பொறித்த இக்கற்களைத் தமிழ்நாட்டரசின் தொல்பொருள் ஆய்வுத்துறை இரா. நாகசாமியைப் பதிப்பாசிரியராகக் கொண்டு 1972இல் செங்கம் நடுகற்கள் என்னும் நூலாக வெளியிட்டது. சிம்மவிஷ்ணு, மகேந்திரவர்மன் முதலிய பல்லவ மன்னரின் ஆட்சியாண்டுகளைக் கொண்ட கற்கள் இவற்றுள் உள்ளன.

பழைய செங்கம் வட்டத்து எடுத்தனூர்க் கல் அறிஞர் பலரும் எடுத்துக்காட்டுவது. மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டில் கருந்தேவக்கத்தி என்பவன் தன் எருமைகளைக் காக்கப் போரிட்டு மடிந்தான். அவனுடைய கோவிவன் என்னும் நாய் கள்வர் இருவரைக் கடித்துக் காத்து நின்றது. வீரனின் உருவோடு அந்நாயின் உருவும் பெயரும் கல்லில் இடம்பெற்றன. கிரேக்க வீரர் பெரும்பாலும் அரச மரபினராகவும் தெய்வத்திற்குப் பிறந்தவராகவும் கூறப்படுவர். செங்கத்து வீரரோ ஊர் ஆநிரை காத்த எளியவர் பலரை உள்ளிட்டவர். அவரை உயர்த்தியது பிறப்பன்று. பட்ட முறையே ஆகும்.

இவ்வழக்கின் தொன்மைக்கு இலக்கியச் சான்றும் கற்சான்றும் உள்ளன. காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்தல் என்று கல் எடுக்கும் துறைகளை ஆறாக வகுத்தார் தொல்காப்பியர். மலைபடுகடாம் இந்நன்னன் நாட்டு வழிகளிலேயே பெயரொடு நட்ட கற்களைக் காட்டுகின்றது. நெல் தூவி வழிபடுதற்குரிய கடவுள் நடுகல்லையன்றி வேறில்லை என்னும் கருத்தைப் புறநானூற்றின் 335ஆம் பாட்டு உரைக்கின்றது. தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் தமிழி எழுத்துடைய நடுகற்கள் 2006இல் கண்டறியப்பட்டபின், சங்கப் பாடல்கள் கூறுவது வெறும் புனைவன்று என்பது உறுதிப்பட்டது.

கிரேக்கச் சொல்லுக்கு நேரான தமிழ்ச் சொல்லைத் தேடுவோர் இங்கு நின்று நோக்குதல் வேண்டும். வீரன் என்பதில் வழிபாட்டுப் பொருள் இல்லை. தலைவன் என்பதில் சாவு இல்லை. நடுகல்லானவன் என்னும் நிலையே அச்சொல்லின் உட்பொருளை நெருங்குவது. இறந்தவன், இடத்திற்குரியவன், படையல் பெறுபவன் என்னும் மூன்று கூறுகளும் இதில் அடங்கும். இந்நிலையிலிருந்து தெய்வ நிலைக்கு உயர்தலும் தமிழில் உண்டு. சிலப்பதிகாரத்தின் வஞ்சிக்காண்டக் காதைகள் பலவும் கல்லெடுக்கும் துறைகளின் பெயரையே பெற்றிருப்பதும், கண்ணகி அவ்வழியே பத்தினித் தெய்வமாவதும் இதற்குத் தலைசிறந்த சான்றுகள்.

செங்கம், தருமபுரிப் பகுதிகளில் நடுகற்கள் பல வேடியப்பன் என்னும் பெயரால் இன்றும் பொங்கலும் பூசையும் பெறுகின்றன. கல்லிலோ ஒருவனுடைய தனிப்பெயர் உள்ளது. வழிபடுவோர் நாவிலோ பொதுப்பெயர் வழங்குகின்றது. எழுத்து மறந்ததால் மாந்தன் மறைந்து தெய்வம் எஞ்சியது.

சாவின்முன் கடவுள்

இதுகாறும் கண்டவற்றால் கிரேக்க முப்பகுப்பு தமிழகத்திற்கு ஒருவாறு பொருந்துவதாகவே தோன்றும். பொருந்தாத இடம் இனி வருவது.

யூரிப்பிடிஸ் கி.மு. 428இல் அரங்கேற்றிய ஹிப்பாலிட்டஸ் நாடகத்தில், தன்னையே வழிபட்டு வாழ்ந்த இளைஞன் உயிர் நீங்கும் வேளையில் ஆர்ட்டெமிஸ் அவனிடம் விடைபெற்று அகல்கின்றாள். இறப்போரைக் காணுதலும் இறுதி மூச்சால் கண் மாசுறுதலும் தனக்குத் தகா என்பது அவள் கூறும் காரணம். கி.மு. 438இல் அரங்கேறிய ஆல்செஸ்டிஸ் நாடகத்தின் தொடக்கத்திலும், சாவின் தீட்டுத் தன்னைப் பற்றாதிருக்க அப்பாலோ தான் விரும்பிய வீட்டைவிட்டு வெளியேறுகின்றான். அன்பில்லாமையால் இவர்கள் அகன்றவர் அல்லர். இறவாதார்க்கு விதித்த எல்லையை மீற இயலாமையால் அகன்றனர். இலியட் பதினாறாம் பகுதியில் ஸீயஸ் தன் மகன் சார்ப்பிடனுக்காகக் குருதித்துளிகளை மழையாகப் பொழிகின்றான். எனினும் உடலைத் தாய்நாடு சேர்க்கும் பணியை உறக்கம், சாவு என்னும் இரட்டையரே செய்கின்றனர். அடக்கம் செய்யும் கடமை சுற்றத்தாருக்கே விடப்படுகின்றது. உயிர்களை இட்டுச்செல்லும் ஹெர்மிசும் கீழுலகை ஆளும் ஹேடிசும் இதற்குப் புறநடையெனில், அவர்தம் தொழிலே அதுவாதலின் அவ்வாறாயினர்.

இதனோடு வல்லாள மகாராசன் வரலாற்றை ஒப்பிடுதல் வேண்டும். போசள மன்னன் மூன்றாம் வீரவல்லாளன், தில்லிப் படையெடுப்புகளால் துவாரசமுத்திரம் நலிந்த பின்னர்த் திருவண்ணாமலையைத் தன் இருக்கைகளுள் ஒன்றாகக் கொண்டான். மதுரைச் சுல்தானோடு கண்ணனூரில் பொருது 1342ஆம் ஆண்டளவில் கொல்லப்பட்டான். அவன் தோலில் வைக்கோல் திணித்து மதுரை மதிலில் தொங்கவிட்டதைத் தாம் கண்டதாக இபின் பதூதா எழுதியுள்ளார். அரசனுக்குரிய ஈமக்கடன் அவனுக்கு முறைப்படி வாய்த்திராது என்பது இக்குறிப்பால் உய்த்துணரப்படும்.

எல்லப்ப நாவலரின் அருணாசல புராணம் கூறும் வல்லாளனோ மகப்பேறு அற்றவன். அவன் கொடையைச் சோதிக்க அடியவர் வேடத்தில் வந்த இறைவன், இளைய அரசி சல்லமாதேவி தீண்டியபோது குழந்தையாகி மறைந்தான் என்பதும், மகனாக நின்று இறுதிக்கடன் ஆற்ற இசைந்தான் என்பதும் கதை. இக்கதை ஏட்டோடு நிற்கவில்லை. தைப்பூசத்தன்று ஈசானியத் தீர்த்தத்தில் நீராட்டு முடிந்தபின் மன்னன் மறைந்த செய்தி இறைவனுக்கு அறிவிக்கப்படுகின்றது. மேளதாளம் இன்றித் திருமேனி கோயிலுக்கு மீள்கின்றது. மாசி மகத்தன்று அண்ணாமலையார் கௌதம நதிக்கரையில் உள்ள பள்ளிகொண்டாப்பட்டுக்கு எழுந்தருளி வல்லாளனுக்குத் திதி கொடுக்கின்றார்.

பிராசிடாஸும் வல்லாளனும் போரில் பட்டவர்கள், ஆண்டுதோறும் நினைக்கப்படுபவர்கள். ஆம்பிப்போலிசில் நகரத்தார் படையலிட்டனர். திருவண்ணாமலையில் கடவுளே நீர்க்கடன் இறுக்கின்றார். தமிழர்க்குச் சாவுத்தீட்டு என்னும் கருத்து இல்லாமையால் இஃது இயன்றது எனக் கூறல் ஒவ்வாது. ஊரில் பிணம் கிடக்கும்போது கோயில் நடையை அடைத்துவைக்கும் வழக்கம் நம் சிற்றூர்கள் பலவற்றில் உள்ளது. கிரேக்கர் அஞ்சிய அதே மாசை இவரும் அஞ்சுபவரே. எனினும் மகன் என்னும் உறவு அவ்வெல்லையை நீக்கிவிட்டது.

சிவன் சுடலையாடி, ஆதலின் சாவை அணுகுதல் அவனுக்கு இயல்பே அன்றோ எனின், அற்றன்று. ஆலங்காட்டுச் சுடலையில் அவன் தலைவனாக நின்று ஆடுகின்றான். சாவு அவன் அடிக்கீழ் உள்ளது. பள்ளிகொண்டாப்பட்டில் அவன் தலைவனாக அன்றி, தந்தையை இழந்த மகனாக, கடன்பட்டவனாக வருகின்றான். அடியும் முடியும் இல்லாதவன் எனப் போற்றப்பெற்ற ஒருவனுக்கு ஒரு தந்தையை உண்டாக்கி, அத்தந்தையின் சாவையும் அவன்மேல் ஏற்றியுள்ளனர் இவ்வூரார்.

முடிவுரை

கிரேக்கக் கடவுளர் பிறந்தும் இறவாதவர். தேவியர் தத்தம் துறையில் தனித்து நிற்பவர். வீரர் இறந்து கல்லறையில் வாழ்பவர். இவர்களிடையே சாவு கடத்தற்கரிய எல்லையாக நிற்கின்றது. மேலேறிச் சென்ற ஹெராக்ளிஸ் போன்றோர் சிலர் உளரேனும், ஒலிம்பியர் அவ்வெல்லைக்குக் கீழிறங்கி வருவதில்லை. திருவண்ணாமலைப் பகுதியிலும் மூவகையினர் உளர். சாவின் எல்லையும் உணரப்பட்டுள்ளது. ஆயின், கண்ணகியைப் போல மாந்தர் மேலேறுவதோடு, வல்லாளன் பொருட்டுக் கடவுள் கீழிறங்கவும் செய்கின்றார். பெயர்களை இணையாக நிறுத்தும் ஒப்பீட்டில் இவ்வேறுபாடு சிறிதும் புலனாகாது.

ஒப்பியல் ஆராய்ச்சியில் ஈடுபடும் மாணாக்கர்க்கு இதனால் ஒரு கடமை உளது. தலபுராணத்தை மட்டும் கற்போர் வேடியப்பனைக் காணார்; கல்வெட்டை மட்டும் கற்போர் மாசிமகத் திதியைக் காணார். ஏடும் கல்லும் விழாவும் ஒருங்கு வைத்து ஆராயப்படுதல் வேண்டும். மஞ்சளும் எண்ணெயும் படிந்து எழுத்து மறைந்துவரும் கற்கள் இன்னும் பல ஊர்களில் உள்ளன. அவற்றை வழிபடுவோர் மனம் வருந்தாவாறு அவ்வெழுத்துகளைப் படித்து, அங்கு நிற்பவர் யாவர் என்பதை அவ்வூரார்க்கே எடுத்துரைத்தல் முதற்பணியாகும். கருந்தேவக்கத்தியின் பெயரும் அவன் நாயின் பெயரும் இன்று நமக்குத் தெரிந்திருப்பது, ஒருவர் அக்கல்லின்முன் அமர்ந்து வட்டெழுத்தைப் படித்தமையாலேயே ஆகும்.